அளவுத் தரவுக்கு சைகிட்-லேர்னின் பிசிஏ: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பைத்தானின் சைகிட்-லேர்ன் நூலகத்தில் உள்ள பிசிஏ (பல அளவீடுகள் சேர்ந்து மாறும் விதங்களைச் சில கூறுகளாகச் சுருக்கும் முறை) இலவசம், வேகமும் குறைவில்லை. சிஎம்எம் (பாகங்களைப் புள்ளி புள்ளியாக அளக்கும் எந்திரம்) தரவுக்கு இதுவே போதும். ஆனால் முன்வேலை முழுக்க நம் தலையில்தான்.

வரிசைக்கு ஒரு பாகம், நெடுவரிசைக்கு ஓர் அளவீடு என அடுக்குங்கள். சராசரியை அதுவே கழித்துவிடும், அலகுகளைச் சமப்படுத்தாது. எல்லாம் மில்லிமீட்டரில் உள்ள மேற்பரப்புப் புள்ளிகள் என்றால் அப்படியே விடலாம். விட்டமும் கோணமும் கலந்திருந்தால் முதலில் ஸ்டாண்டர்ட்ஸ்கேலர் (எல்லா நெடுவரிசைகளின் பரவலையும் சமமாக்கும் கருவி) போடுங்கள். இல்லையேல் எண் பெரிதாக ஆடும் நெடுவரிசையே முதல் கூறை விழுங்கிவிடும். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பிழை காட்டி நின்றுவிடும்.

உண்மையான பலன் லோடிங்கில், அதாவது ஒரு கூறில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள எடையில். தகட்டுப் பாகத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே குறியில், ஏறக்குறைய ஒரே அளவில் நகர்ந்தால் பாகத்தைக் குறை சொல்வதற்கு முன் ஃபிக்சரையும் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) டேட்டத்தையும் (அளவீட்டின் ஆதாரம்) பாருங்கள். எதிரெதிர் மூலைகள் ஒரே குறி, பக்கத்து மூலைகள் எதிர்க்குறி என்றால் முறுக்கு. 30 பாகம், 60 புள்ளி என்றால் 29 கூறுகளுக்கு மேல் எதுவும் தேறாது. அதிலும் கடைசிக் கூறுகள் பெரும்பாலும் அளவீட்டு இரைச்சல்.

கூறுகளின் எண்ணிக்கைக்குப் பதில் 0.95 என்று கொடுத்தால் 95% மாறுபாடு வரை தானே கூறுகளை எடுக்கும். வசதிதான், ஆனால் டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட விலகல்) அதற்குத் தெரியாது.

பெரிய குறை, ஹோட்டலிங் டி-ஸ்கொயரும் (கூறுகளுக்குள் பாகம் மையத்திலிருந்து எவ்வளவு விலகியது) கியூ எச்சமும் (கூறுகளில் அடங்காமல் மிஞ்சுவது) கட்டுப்பாட்டு எல்லையோடு தயாராக வராதது. இன்வர்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் (கூறுகளிலிருந்து அளவீடுகளைத் திரும்பக் கட்டுவது) செய்து எச்சத்தை நாமே கணக்கிட வேண்டும். லாட்டுக்கு லாட் (உற்பத்தித் தொகுதி) புதிதாக ஃபிட் செய்தால், அதாவது கூறுகளை மீண்டும் கணக்கிட்டால், குறியும் கூறுகளின் வரிசையும் மாறிப் போக்கு வரைபடம் குழம்பும். சீராக ஓடிய லாட்டில் ஒருமுறை ஃபிட், பிறகு டிரான்ஸ்ஃபார்ம் (புதிய பாகங்களை அதே கூறுகளில் வைத்துப் பார்ப்பது) மட்டும்.