6,000 லிட்டர் சம்ப் கட்டினோம், கைக்கு வருவது 4,450

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்பக்க நடையில் போன மே மாதம் ஒரு சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, கட்டினோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிட்டது. தெருவில் நாலைந்து பேர் "எப்படி இருக்கு, கட்டலாமா, மேஸ்திரி நம்பர் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். மேஸ்திரியின் பெயரை இங்கே போடப்போவதில்லை. வேலை தெரிந்தவர்தான், ஆனால் சில இடங்களில் கோட்டை விட்டார். நேரில் கேட்டால் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் வரைவாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஏரிக்கரை, மதகு, கலங்கல் என்று டிரேசிங் தாளில் கோடு போட்டே கண்ணாடி தடித்துப்போனது. அதனால் இந்தச் சம்ப்பையும் நான் ஏரி மாதிரிதான் பார்த்தேன். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் என்று பேப்பரில் தினமும் ஒரு கட்டம் போடுவார்களே: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, வீராணம். இது ஏழாவது.

மேஸ்திரி வந்த அன்றைக்கே வரைபடத்தைக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தொட்டிக்குப் போய் பிளானா?" என்றார். செங்கல் சுவர் என்றால் லிட்டருக்கு 18 ரூபாய், கம்பி கட்டிய கான்கிரீட் என்றால் 24. எங்கள் பகுதியில் ஐந்தடி தோண்டினாலே மண் ஈரமாகிவிடும், கழிவுநீர்க் குழாய் வேறு பக்கத்திலேயே ஓடுகிறது. செங்கல் வேண்டாம், கான்கிரீட்தான் என்று சொன்னேன். 6,000 லிட்டர், 1,44,000 ரூபாய். பேச்சு முடிந்தது.

இந்த 6,000 என்ற எண்ணில்தான் என் முதல் குறை. உள் அளவு ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம். பெருக்கினால் 210 கனஅடி. ஒரு கனஅடிக்கு 28.3 லிட்டர் என்றால் 5,943 லிட்டர். சரி, 6,000 என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தண்ணீர் மேல் தளத்தைத் தொடுகிற வரை நிற்காது. உபரி நீர் போகிற குழாயை மேலிருந்து ஓரடி கீழே வைக்கிறார்கள், ஆக ஐந்தடிதான். அடியில் மோட்டார் குழாயின் முனையில் இருக்கும் ஃபுட் வால்வு தரையிலிருந்து அரையடி உயரத்தில் தொங்குகிறது. அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரை மோட்டார் இழுக்காது. மிச்சம் நாலரை அடி, அதாவது 4,450 லிட்டர் சொச்சம். காசு 6,000-க்கு, தண்ணீர் 4,450-க்கு. மேஸ்திரி ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் இப்படித்தான் கணக்குச் சொல்கிறார்கள். நீங்கள் பேசும்போது "எடுக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு?" என்று கேட்டு, அதை வைத்து ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

ஏரிக்கும் இதே கதைதான். புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி. ஆனால் மதகின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வெளியே வராது. 2019 கோடையில் மதகைத் தாண்டியும் ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்த வருடம் நான் லாரிக்குக் குடம் வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போன ஆள். குடம் திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள்.

எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்ற இடத்தில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். "இடம் எவ்ளோ இருக்கோ அவ்ளோ தோண்டு" என்பார்கள். நான் பத்து நாள் அளந்தேன். மாடியில் மகன் குடும்பம் நாலு பேர், கீழே நாங்கள் மூன்று பேர். ஏழு பேருக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 640 லிட்டர். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் ஆளுக்கு நூறுகூட இல்லை. அடிபம்ப் அடித்தே வளர்ந்த குடும்பம், கை தானாகச் சிக்கனம் பிடிக்கும். ஆக 4,450 லிட்டர் ஏழு நாளைக்கு வரும். எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வருகிறது. அப்படியானால் ஏழு நாள் இருப்பு எதற்கு? குழாய் உடைந்தால், பள்ளம் தோண்டினால், மழையில் தண்ணீர் கலங்கினால், வராத நாட்களுக்காகத்தான். ஒரு நாள் தண்ணீர்ச் செலவை மட்டும் பார்த்து அளவு வைக்கக்கூடாது, வரத்து எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்து வைக்க வேண்டும்.

பெரிய ஏரிக்கும் இதே யோசனைதான். கும்மிடிப்பூண்டி பக்கம் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்ற இரண்டு ஏரிகளை இணைத்துப் புது நீர்த்தேக்கம் கட்டினார்களே, அதன் கொள்ளளவு வெறும் 500 மில்லியன் கனஅடி. ஊருக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால், ஒரு தடவை நிரம்பியது 14 நாளைக்குத்தான் காணும். "இதுக்கா 380 கோடி?" என்று அப்போதே சிலர் கேட்டார்கள். ஆனால் திட்டம் போட்டதே வருடத்துக்கு இரண்டு தடவை நிரப்பி 1 டிஎம்சி, அதாவது ஆயிரம் மில்லியன் கனஅடி, எடுக்கலாம் என்றுதான். மழையும் வரும், ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் கொண்டுவரும் கால்வாயும் இருக்கிறது. என் சம்ப்பும் அப்படித்தான், இரண்டு நாளைக்கு ஒரு தடவை நிரம்புகிறது. சின்னது என்றாலும் வரத்து தொடர்ந்து இருக்கிறது.

நிலம் எடுப்புதான் பெரிய தலைவலி. 1944-இல் பூண்டி வந்ததற்கு அப்புறம் சென்னைக்கென்று புதிதாக ஒரு நீர்த்தேக்கம் வர 2020 நவம்பர் வரை ஆனது. அதுவும் 2013-இல் அடிக்கல் நாட்டி, நிலம் எடுக்கிற வழக்கு வம்பெல்லாம் தாண்டி ஏழு வருடம். எங்கள் வீட்டில் நிலம் எடுக்க மூன்று வாரம். நடையில் மகனின் வண்டி நிற்கும் இடம், என் நாத்தனார் முப்பது வருடமாகத் துணி துவைத்த கல், ஒரு துளசி மாடம். வண்டி தெருவுக்குப் போனது. துளசி மாடிக்குப் போனது. கல்லுக்குத்தான் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது: மொட்டை மாடியில் புதுக் கல், குழாய் இணைப்புடன், 4,200 ரூபாய். "அந்தக் கல்லு மாதிரி வருமா" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். திட்டச் செலவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேலையைப் பற்றி. கம்பி கட்டியது, கான்கிரீட் போட்டது, உள்பூச்சு எல்லாம் நன்றாகவே இருந்தது. ஏழு நாள் தண்ணீர் நிறுத்தி ஆற வைத்தார்கள். அப்புறம் நான் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, மூடிவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் பார்த்தேன். இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. இந்தத் தொட்டியில் ஓரடிக்கு ஆயிரம் லிட்டர், அப்படியானால் ஒரே நாளில் 165 லிட்டர் காணோம். மேஸ்திரி "புதுச் செவுரு குடிக்கும்மா, ரெண்டு நாள்ல நின்னுடும்" என்றார். நிற்கவில்லை. தெருக் குழாய் உள்ளே நுழையும் இடத்தில் ஓட்டையைச் சும்மா கலவையால் அப்பியிருந்தார்கள். அதைக் கொத்தி எடுத்து, குழாயைச் சுற்றிக் காலர் வைத்துப் பூசிய பிறகுதான் கோடு அசையாமல் நின்றது. கோடு போடாமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டு அஸ்திவாரத்துக்குப் போயிருக்கும். கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்திருந்ததும் உதவியது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இரண்டாவது கோளாறு மழைநீர். மாடி 600 சதுர அடி. ஒரு நாள் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 5,500 லிட்டருக்கு மேல் விழும், வீணானது போக நாலாயிரத்துக்குக் குறையாமல் வரும், அதாவது ஏறக்குறைய ஒரு சம்ப். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அப்போது போட்ட குழாய் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கிளை எடுத்து ஜல்லி, கரி, மணல் போட்ட வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கு விடச் சொன்னேன். விட்டார். ஆனால் முதல் மழையை வெளியே தள்ளும் வால்வு வைக்க மறந்துவிட்டார். கோடை முழுவதும் மாடியில் புறா குடித்தனம் நடத்தியிருந்தது. முதல் மழை எப்படி வந்து சேர்ந்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. முழுத் தொட்டியையும் இறைத்துக் கழுவினோம். 650 ரூபாய் வால்வு. வரத்துக் கால்வாய் சுத்தமாக இல்லாமல் ஏரி மட்டும் சுத்தமாக இருக்காது என்று நானே எத்தனை கூட்டத்தில் காது கொடுத்துக் கேட்டிருப்பேன், என் வீட்டில் பார்க்காமல் விட்டேன். இதில் பாதித் தப்பு என்னுடையது.

கழுவும்போது இன்னொன்று தெரிந்தது. தரைக்கு வாட்டம் இல்லை. ஒரு மூலையில் சின்னக் குழி வைத்து நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிவு கொடுத்திருந்தால் வண்டல் அங்கே சேரும், வாரி எடுத்துவிடலாம். வரைபடத்தில் இருந்தது, போடவில்லை. இப்போது முறத்தாலும் துணியாலும் தள்ள வேண்டியிருக்கிறது. எட்டு மாதத்தில் ஒரு விரல் கனத்துக்கு நைஸான வண்டல். ஏரியில் சேர்வதை நினைத்துப் பாருங்கள். சோழவரத்துக்கு முன்பெல்லாம் பேப்பரில் 881 மில்லியன் கனஅடி என்று போடுவார்கள், மேம்படுத்தின பிறகு 1,081. இருக்கிற ஏரியைச் சரிபண்ணியே 200 கிடைத்தது. புது ஏரி பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த 200 ஞாபகம் வரும்.

மேஸ்திரி சிரித்த இடம் ஒன்று உண்டு. "மழைக்காலத்துல தொட்டியக் காலியா வெக்காதீங்க, மேலே தூக்கிரும்" என்று அவருடைய ஆட்களிடம் சொன்னேன். "தொட்டி இன்னா படகா?" என்றார். நிலத்தடி நீர் மேலே ஏறினால் காலித் தொட்டி படகுதான். மண்ணுக்குள் சுற்றிலும் தண்ணீர் நின்று கீழிருந்து தள்ளும். அதனால்தான் அடித்தளத்தைக் கனமாகப் போடச் சொன்னேன். கார்த்திகை மாதம் எவ்வளவு தண்ணீர் குறைந்தாலும் பாதிக்குக் கீழே விடுவதில்லை.

வாய்ப்பகுதியைத் தெரு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி தூக்கியிருக்கிறேன். பார்க்க அசிங்கமாக ஒரு திண்ணை மாதிரி இருக்கிறது, வருகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். தரை மட்டத்தில் மூடி வைத்திருந்த வீடுகளில் சாக்கடை நேராகச் சம்ப்புக்குள் போனது. ஏரிக்கு நீர்மட்டத்துக்கு மேலே கரை எவ்வளவு உயரம் என்பதுதான் உயிர். அந்த அளவில் ஓரங்குலம்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நல்லது என்ன? தெருக் குழாயில் அழுத்தம் குறைவு, தண்ணீர் மாடித் தொட்டிக்குத் தானாக ஏறாது. தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்புக்கு ஏற வேண்டியதே இல்லை, தானாக இறங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடிபம்ப் அடித்த காலம் முடிந்தது. என் மாமியார் அடித்த அடியில் அந்தப் பம்பின் கைப்பிடியே வளைந்திருக்கும். மூடியிருப்பதால் ஆவியாகவும் போவதில்லை. கிருஷ்ணா நீர் ஒப்பந்தத்தில் மூன்று மாநிலம் தலா 5 டிஎம்சி கொடுத்து 15, அதில் வழியில் ஆவியாகவும் கசிந்தும் போகும் 3 கழித்துச் சென்னைக்கு 12 என்றுதான் எழுதியே இருக்கிறது. எனக்கு அந்த இழப்பு இல்லை. உள்சுவரில் பெயின்டால் அடி, அங்குலம் குறித்திருக்கிறேன். காலையில் டார்ச் அடித்துப் பார்த்து மாடிக்குக் குரல் கொடுப்பேன்: "மூணடி நாலு அங்குலம்!" மருமகள் அன்றைக்கு வாஷிங் மெஷின் போடுவதா வேண்டாமா என்று அதை வைத்து முடிவு செய்வாள்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. கான்கிரீட்டுக்கு முழு மதிப்பெண், குழாய் வேலைக்குப் பாதி. மேஸ்திரி கொடுத்த மூடி லேசானது, பூனை ஏறினாலே ஆடியது. பூட்டு வைத்த கனமான மூடி வேறு வாங்கினேன், 1,850 ரூபாய். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மொத்தச் செலவு, கல்லையும் வால்வையும் சேர்த்து 1,50,700.

உபரிநீர்க் குழாயின் வாயில் கொசுவலை இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத் தருகிறேன் என்று மேஸ்திரி சொன்னார். மூன்று ஞாயிறு போய்விட்டது. இப்போதைக்குப் பழைய தாவணித் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.