பாதுகாப்பு அலுவலர் சேவை: காசு கேட்காது, தேதி கேட்கும்

வீட்டுக்குள் அடி விழுந்தால் மகளிர் போலீஸ், பிரியணும் என்றால் வக்கீல். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது இந்த இரண்டு வாசல்தான். மூன்றாவது வாசல் ஒன்று 2006 அக்டோபர் 26 முதல் திறந்து கிடக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன் 8-ஆம் பிரிவின்படி மாவட்டம்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இவர் சமூகநலத் துறையின் கீழ் வருகிறார். மாவட்ட சமூகநல அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போனால் போதும். கட்டணம் கிடையாது, வக்கீலோடு போக வேண்டிய கட்டாயமும் கிடையாது.

டி.வி. ஆக்ட் என்று சொல்லப்படும் இந்தக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுத்தால் உடனே புருஷனைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. அதே பயத்தில் வராமலே இருக்கிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே தப்பு. வழக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நடந்தாலும் கேட்பது சிவில் நிவாரணம்தான்: அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, மாதச் செலவுக்குத் தர வேண்டும், நகையைத் திருப்பித் தர வேண்டும், பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும். பாதுகாப்பு உத்தரவு வந்து அதை மீறினால்தான் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவாகரத்து இங்கே கிடைக்காது. அதற்குக் குடும்ப நீதிமன்றம். அங்கே ஏற்கெனவே வழக்கு ஓடிக்கொண்டிருந்தால் 26-ஆம் பிரிவின்படி இந்த நிவாரணங்களை அங்கேயே கேட்கலாம்.

இந்தச் சேவையின் உயிர்நாடி டி.ஐ.ஆர். என்கிற குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை. விதிகளில் படிவம் 1. சொல்வதைக் கேட்டு பாதுகாப்பு அலுவலர் எழுதி, மாஜிஸ்திரேட்டுக்கும் அந்தப் பகுதி காவல் நிலையத்துக்கும் அனுப்புவார். நல்லதும் கெட்டதும் இங்கேதான் தொடங்குகிறது. உடல் வன்முறை, பாலியல் வன்முறை, வாய்ச்சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருளாதார வன்முறை, வரதட்சணைத் தொல்லை என்று படிவத்தில் தனித்தனியாக இடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம், செய்தது யார் என்று கேட்கும். “கல்யாணம் ஆன நாளிலிருந்தே கொடுமைதாங்க” என்று சொன்னால் அதையே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிற அலுவலகமும் உண்டு. குறுக்கு விசாரணையில் முதலில் விழுவது அந்த ஒரு வரிதான்.

எழுத வேண்டியது இப்படி: “2024 மார்ச் 10, ஞாயிறு, இரவு 9 மணி வாக்கில், சமையலறையில், குக்கர் மூடியால் இடது முழங்கையில் அடித்தார். மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டேன்.” இப்படி மூன்று நிகழ்வுகள் இருந்தால், தேதியில்லாத முப்பது புகாரைவிட அவை கனமாக நிற்கும். தேதி ஞாபகம் இல்லையா? யாருக்கும் இருக்காது. வளைகாப்புக்கு மூன்று நாள் முன், ஆடிக்கு அழைத்துப் போன வாரம் என்று பிடித்துக்கொண்டு, அடகுக்கடை ரசீது, பிள்ளையின் பள்ளி லீவ் லெட்டர், அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் இவற்றோடு பொருத்தினால் நாள் கிடைத்துவிடும். இந்த வேலையை வீட்டிலேயே ஒரு நோட்டில் முடித்துக்கொண்டு போங்கள். அலுவலர் முன் உட்கார்ந்து அழுகையை அடக்கிக்கொண்டு யோசிக்கும்போது ஒன்றும் வராது.

பொருளாதார வன்முறைக்கான இடத்தைக் காலியாக விடுகிறவர்கள்தான் நிறைய. சம்பள ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும், கேட்காமல் நகையை அடகு வைப்பதும், அரிசி பருப்புக்குக்கூடக் காசு தராததும் 3-ஆம் பிரிவில் வன்முறைதான். நகையைப் பொறுத்தவரை “எல்லா நகையும்” என்று எழுதினால் ஒன்றும் திரும்பாது. ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை, பில் இருந்தால் பில், இல்லையென்றால் அது கழுத்தில் கிடக்கும் கல்யாண போட்டோ என்று பட்டியல் போட்டு இணைக்க வேண்டும்.

படிவத்தின் கடைசியில் என்னென்ன உத்தரவு வேண்டும் என்று கேட்பார்கள். 18, 19, 20, 21, 22 என்று பிரிவு எண்கள் வரிசையாக இருக்கும். விளக்கம் கேட்காமல் டிக் போடாதீர்கள். முக்கியமாக, குடியிருக்கும் வீடு பற்றிய 19. அந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமா, வேறு வீட்டுக்கு வாடகை வேண்டுமா என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, அதனால் உரிமை இல்லை என்று மிரட்டுவது பழைய பாட்டு. அந்த வீட்டில் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அதுவும் பகிர்ந்து வாழ்ந்த இல்லம்தான் என்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது.

அலுவலர் லீவ், இரண்டு மாவட்டத்துக்கு ஒரே ஆள் பொறுப்பு என்று இழுத்தடித்தால் காத்திருக்கத் தேவையில்லை. டி.ஐ.ஆர். இல்லாமலே 12-ஆம் பிரிவில் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். 2022-ல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அம்மா வீட்டுக்கு வந்து தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அந்த ஊர் கோர்ட்டிலேயே போடலாம். கணவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

முதலில் மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போனீர்கள் என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, “இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்” என்று எழுதி வாங்கி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. இந்தச் சட்டத்தில் கவுன்சலிங்குக்கு உத்தரவிடுவது 14-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட். அந்த ரசீதில் உள்ள தேதி டி.ஐ.ஆரிலும் ஏற வேண்டும்.

ராத்திரியில் வெளியேற வேண்டிய நிலை என்றால் பெண்கள் உதவி எண் 181. அவர்கள் ஒன் ஸ்டாப் சென்டருக்கு, அதாவது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையத்துக்கு, வழி செய்வார்கள். அங்கே பொதுவாக 5 நாள் வரை தங்கலாம். வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம்.

இனி குறை. மனு வந்து 3 நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயற்சி என்கிறது சட்டம். அது ஏட்டில். நடப்பதோ வாய்தா மேல் வாய்தா. இதில் ஒரு பங்கு மனுதாரர் பக்கமே ஏற்படுகிறது. கோபத்தில் நாத்தனார், அவள் கணவர், ஹைதராபாத்தில் இருக்கும் ஓர்ப்படி வரை எதிர்மனுதாரராகச் சேர்த்தால், ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் சேர்ந்தாக வேண்டும். அடித்தவர், பணத்தைக் கையில் வைத்திருப்பவர், வீட்டை விட்டுத் துரத்தியவர் போதும். கணவரின் கம்பெனி முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். பின்னால் 20-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவில், ஜீவனாம்சத்தைச் சம்பளத்திலிருந்து நேராகக் கட்டும்படி அந்தக் கம்பெனிக்கே உத்தரவு கேட்கலாம். ரஜ்னேஷ் – நேஹா வழக்குத் தீர்ப்புக்குப் (2020) பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றி உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஜீவனாம்சமும் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். உங்கள் பத்திரத்தில் வேலையை மறைத்தால் அங்கேயே வழக்கு சாயும்.

தாலி இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இந்த வாசல் உண்டு, ஆனால் குறுகலானது. 2010-ல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்: ஊரறியக் கணவன் மனைவியாக இருந்திருக்க வேண்டும், இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதியானவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த ஆண் ஏற்கெனவே திருமணமானவர் என்று தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு 2013-ல் இந்திரா சர்மா வழக்கில் கதவு சாத்தப்பட்டது. “அவ எனக்குப் பொண்டாட்டியே இல்லை” என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வரியாக இருக்கும். அதனால் இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பிள்ளையின் பள்ளிப் பதிவில் அப்பா பெயர் ஆகியவற்றை டி.ஐ.ஆரோடேயே இணைத்துவிட வேண்டும்.

உத்தரவு வந்ததும் நகல் இலவசம். 24-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்துக்கும் போக வேண்டும். போயிருக்கும் என்று இருந்துவிடாமல், ஒரு நகலை நீங்களே எடுத்துப் போய் ஸ்டேஷனில் கொடுத்து, உங்கள் பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள். மறுபடி கதவைத் தட்டிக் கலாட்டா செய்தால், 31-ஆம் பிரிவுப் புகாரோடு நீட்ட வேண்டிய முதல் காகிதம் அந்தச் சீல் வைத்த பிரதி.