வார நாளில் பள்ளிக்கூட வான், சனி ஞாயிறில் வீடு: திருகோணமலைக் கரையில் நான்கு வருடம்

வார நாட்களில் எங்கள் வான் உவர்மலைப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பின் இரண்டு வரிசை இருக்கைகளும் கழன்று நண்பனின் கராஜுக்குள் போகும், கட்டில் உள்ளே ஏறும். 2021 பங்குனியில் நாங்கள் நான்கு பேர் காசு போட்டு வாங்கிய பழைய டொயோட்டா ஹைஏஸ் இது, எங்கள் ஆட்கள் டொல்பின் என்று சொல்கிற அந்த வகை. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். இன்று வரை 41,000 கிலோமீற்றர் ஓட்டியிருக்கிறோம், அதில் பாதிக்கு மேல் கடல் தெரிகிற வீதியில்.

இப்படி ஒரு வான் செய்ய நினைத்து விவரம் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது சோலர் எத்தனை வாற், பற்றரி எத்தனை அம்பியர் என்றுதான். எங்கள் கரையில் அது இரண்டாவது கேள்வி. வானை எந்தத் திசை பார்த்து நிறுத்துகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இதைப் பிடிபட எங்களுக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

டொல்பினின் இழுவைக் கதவு இடது பக்கம். கிழக்குக் கரையில் நின்று வானின் முகத்தைத் தெற்கே திருப்பினால் கதவு நேரே கடலுக்குத் திறக்கும். நிலாவெளியில் முதல் இரவு அப்படித்தான் நிறுத்தினோம். படுத்தபடியே அலை தெரிந்தது. வைகாசி மாதம், கச்சான் என்கிற மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கி வரும்போது அந்தக் காற்றில் ஈரம் என்று ஒன்றுமே மிஞ்சியிராது. அது மேற்கிலிருந்து வந்து வலது பக்கத் தகட்டில் அடித்தது. அந்தப் பக்கத்தில் திறக்கிற கண்ணாடி ஒன்றுதான், அதையும் நாங்கள் கட்டில் பலகையால் மறைத்திருந்தோம். இரவு பத்து மணிக்கும் தகட்டில் வெக்கை தணியவில்லை. கதவு திறந்தே கிடந்தது, உள்ளே ஒரு சொட்டுக் காற்று இல்லை. விடியற்காலை ஆறு மணிக்குச் சூரியன் நேரே கண்ணில் விழுந்தது.

இப்போது கச்சான் காலத்தில் வானின் பின்பக்கத்தை மேற்குக்குக் கொடுத்து, பின் கதவை மேலே தூக்கி, நுளம்புவலையைக் கட்டிவிடுகிறோம். காற்று பின்னால் புகுந்து முன் கண்ணாடி வழியாக வெளியேறும். கடல் படுக்கையிலிருந்து தெரியாது. எழுந்து பத்து அடி நடந்தால் தெரியும், அது போதும். 12 வோல்ற் காற்றாடி ஒன்று காலடியில் ஓடினால் நள்ளிரவுக்குப் பிறகு போர்வை தேட வேண்டி வரும்.

வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில், கணக்கு தலைகீழ். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று, அதில் வெக்கை உண்டு, உப்பு இல்லை. ஐப்பசி கழிந்து வாடை எழும்பிவிட்டால் கடலே பொடியாகப் பறந்து வந்து வான் மேல் படியும். ஒரே இரவில் கண்ணாடி பால் பூசியது போல் ஆகிவிடும், விரலால் தொட்டு நக்கினால் கரிக்கும். அந்த மாதங்களில் அலைக்கரையில் தங்குவதை நாங்கள் விட்டுவிட்டோம். வீதியின் மேற்குப் பக்கம், பனைகளுக்குப் பின்னால், குறைந்தது 300 மீற்றர் தள்ளி.

உப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், எங்கள் காசு அதிகம் போனது அதில்தான். துரு வெளியே தெரிகிற இடத்தில் தொடங்குவதில்லை. இழுவைக் கதவு ஓடுகிற கீழ்த் தண்டவாளத்துக்குள் மணலும் உப்பும் சேர்ந்து ஈரமாகவே கிடக்கும். இரண்டாம் வருடம் கதவு இறுகியபோது உருளையில் கோளாறு என்று நினைத்தோம். கழற்றிப் பார்த்தால் தண்டவாளத்தின் அடி விளிம்பு விரலால் அமத்த உதிர்ந்தது. பின் சக்கர வளைவின் உட்பக்கம், கூரை ஓரத்துப் பீலி, சோலர் தாங்கிக்குத் துளைத்த ஓட்டைகள் ஆகியவையும் அப்படியே. கராஜ் நண்பன் இப்போது ஒரு சட்டம் போட்டிருக்கிறான்: ஞாயிறு மாலை வீடு திரும்பினால் யாரும் குளிக்கும் முன் வான் குளிக்க வேண்டும். மேலே ஒரு வாளி ஊற்றுவது பிரயோசனமில்லை. வானின் அடியில் குழாயை வைத்து இருபது நிமிடம் நல்ல தண்ணீர் பாய்ச்ச வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் என்றால் கழுவாமலே விடலாம்.

பற்றரிக் கதை சுருக்கமானது. முதலில் போட்ட 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி பதினான்கு மாதத்தில் படுத்துவிட்டது. பிழை எங்களுடையது. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, நாங்கள் குளிர்ப்பெட்டியை விடிய விடிய ஓடவிட்டு அடிவரை உறிஞ்சினோம். அதற்கு மேல் வெக்கை வேறு. பிறகு லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை வாங்கினோம். இரண்டரை மடங்கு விலை, மூன்று வருடமாகக் குறையில்லை. கூரையில் 150 வாற் பனல் ஒன்று. அதைத் தகட்டோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் உயர்த்திப் பூட்டியதில் கீழே நிழல் விழுந்து கூரைச் சூடும் குறைந்தது.

நான்கு பேருக்கு இந்த வான் போதாது, இதை மறைக்கக் கூடாது. உள்ளே இரண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். மூன்றாவது ஆள் முன் இருக்கையில் குறுக்கே, நான்காவது ஆள் வெளியே கூடாரத்தில். முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம். கழற்றிப் பூட்டும் கட்டில் மூன்று துண்டு, 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. முதல் தடவை பூட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது, இப்போது இருபத்தைந்து நிமிடம். நிரந்தரமாக அடித்துவிட்டிருந்தால் வசதி கூடியிருக்கும். ஆனால் 2022இல் டீசல் இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில், QR எரிபொருள் பங்கீடு வந்து வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்த நாட்களில், இந்த வானைக் காப்பாற்றியது பள்ளிக்கூட ஓட்டம்தான். அப்போது ஏழு மாதம் கட்டில் ஏறவே இல்லை. சுமையைப் பொறுத்து லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர் தருகிறது.

மணல் விடயத்தில் ஒரு பாடம். குச்சவெளிக்கு வடக்கே கரைவலை மீனவர்கள் தங்கும் வாடி ஒன்றின் பக்கத்தில் பின் சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்துவிட்டன. நாங்கள் அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க வான் கீழேதான் போனது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா வந்து பார்த்தார். “தம்பிமார், வண்டியை முறுக்காதேங்கோ. முதல்ல ரயர்ல காத்தை இறக்குங்கோ,” என்றார். 38 PSI இருந்ததை 20க்கு இறக்கினோம். சக்கரத்துக்கு முன்னால் தென்னோலை பரப்பினார்கள். வலை இழுத்து முடித்த கையோடு பதினைந்து பேர் வந்து, அதே கயிற்றால், வலை இழுக்கும்போது பாடுகிற அதே அம்பாப் பாட்டோடு இழுத்தார்கள். வான் எழும்பி வந்தது. காசு கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. பாரை மீன் இரண்டைப் பையில் போட்டுத் தந்து அனுப்பினார்கள். அந்த ஐயாவை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும். அன்றிலிருந்து சின்னக் காற்றடிக்கும் பம்பும் இரண்டு பலகைத் துண்டும் வானை விட்டு இறங்கியதில்லை.

பாதை என்று பார்த்தால் வடக்கும் தெற்கும் வேறு வேறு உலகம். வடக்கே புல்மோட்டை வீதி இறக்கக்கண்டிப் பாலம் கடந்து கடலை ஒட்டியே போகும். நிலாவெளியில் வான் நிறுத்தப் பாதுகாப்பான முற்றங்கள் கிடைக்கும், அங்கிருந்து புறாத்தீவுக்குப் படகு. அது 2003 முதல் தேசியப் பூங்கா, முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) காலை ஊன்றாமல் நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் இறங்குங்கள். அரிசிமலைக் கரையில் மணலைக் கையில் அள்ளினால் உண்மையிலேயே அரிசி போல் உருளும். அந்த மணலில் சக்கரத்தை ஏற்றவே கூடாது.

எனக்குப் பிடித்தது தெற்கு. மட்டக்களப்பு வரை ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை வாகனங்கள் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போயின. எங்களில் ஒருவன் கிண்ணியாக்காரன். சின்ன வயதில் உம்மாவின் கையைப் பிடித்துப் பாதையில் நின்றதை ஒவ்வொரு முறையும் பாலத்தில் ஏறும்போது சொல்வான். “மச்சான், மெதுவா ஓட்டு,” என்பான். பாலத்தில் எப்போதும் மெதுவாகத்தான் போகிறோம். உப்பாறு, கங்கை, இறால்குழி என்று அடுத்தடுத்துப் பாலங்கள், மூதூரில் எருமைத் தயிர்ச் சட்டி, பிறகு வெருகல். ஆற்றங்கரையில் முருகன் கோயில், அதைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். மார்கழியில் ஆறு பெருகினால் வீதியில் தண்ணீர் ஏறிவிடும், கேட்டு விசாரித்துப் புறப்பட வேண்டும். இரவில் மாடும் எருமையும் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். ஆனபடியால் ஆறு மணிக்குப் பிறகு நாங்கள் ஓட்டுவதில்லை.

சமையலுக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டர், ஒரு ஒற்றை அடுப்பு. கச்சானில் நெருப்பு நிற்காது, மூன்று பக்கமும் தகடு மறைப்பு வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் நாற்பது லீற்றர் தண்ணீர் இரண்டு நாளுக்குச் சரி. திரும்பும் வழியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் உடம்பில் ஒட்டிய உப்பு முழுதும் போய்விடும். ஏழு கிணற்றிலும் ஏழு சூடு, இளஞ்சூட்டில் தொடங்குங்கள்.

கராஜ் நண்பன் போன மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். போவதற்கு முதல் நாள் இரவு வானின் அடியில் படுத்துத் தண்டவாளத்துக்குப் புதுத் தகடு ஒட்டிவிட்டுத்தான் போனான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அடியைக் கழுவி முடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். போன கிழமை இடது பின் சக்கர வளைவில் சின்ன மண்ணிறப் புள்ளி ஒன்றைப் படத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். சனிக்கிழமை அதைத் தேய்த்துப் பெயின்ற் அடிக்கிறோம்.