விமான தூரக் கணிப்பான்கள்: கிலோமீட்டர் சரி, மணிக்கணக்கு சந்தேகம்

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் விமான தூரமும் பயண நேரமும் காட்டும் இலவசத் தளங்கள் ஏராளம். முகப்புதான் வேறு, உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒரே கணக்கு. புவிப்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பெருவட்டப் பாதையை அளந்து, மணிக்கு 800–900 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்க்கின்றன.

தூரத்தில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்தாலும், துருவத்தில் தட்டையானதாக வைத்தாலும் வித்தியாசம் ஏறக்குறைய அரை சதவீதத்துக்குள்தான். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. சுமார் 5,550 கி.மீ. ஆனால் வெறும் ‘மைல்’ என்று போட்டிருந்தால் கவனம்: அதே தூரம் தரை மைலில் 3,450, கடல் மைலில் 3,000. ஊர்ப் பெயருக்குப் பதில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள். டோக்கியோ என்று மட்டும் கொடுத்தால் பல தளங்கள் நகர மையத்தை எடுத்துக்கொள்ளும். நரிடா விமான நிலையமோ அங்கிருந்து 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளம் குறியீட்டை நேரடியாக வாங்கி, வளைந்த பாதையை வரைபடத்திலும் காட்டுகிறது. தூரம் மட்டும் வேண்டுமென்றால் அது போதும்.

பயண நேரம்தான் சொதப்பல். போகவும் வரவும் ஒரே நேரம் காட்டும் தளத்தை அந்த இடத்திலேயே மூடிவிடலாம். வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்றால் நியூயார்க்–லண்டன் அட்டவணைப்படி ஏழு மணி நேரத்தை ஒட்டி வரும். எதிர்த்திசையில் சுமார் எட்டு. 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு போயிங் 747 விமானம் அதே நியூயார்க்–லண்டன் தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. எந்தச் சூத்திரமும் இதைச் சொல்லாது.

மூடிய வான்வெளியும் கணிப்பானுக்குத் தெரியாது. ஹெல்சிங்கி–டோக்கியோவுக்கு இன்றும் ஒன்பதேகால் மணி என்றுதான் கணக்கு வரும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபின் உண்மையில் ஆவது சுமார் 13 மணி.

இன்னொன்று, கணிப்பான் சொல்வது பறக்கும் நேரம். டிக்கெட்டில் இருப்பது ஒரு விமான நிலையத்தின் கேட்டிலிருந்து அடுத்ததன் கேட் வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், தாமதத்துக்கென்று நிறுவனம் ஒதுக்கும் நிமிடங்களும் அதில் அடக்கம். ஆகவே நேரத்தை அட்டவணையிலிருந்தே எடுங்கள். புறப்பாடு, வருகை இரண்டையும் யூ.டி.சி. எனும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால் சரியான விடை வரும். உள்ளூர் நேரத்தைக் கழித்து வழக்கமான நேர வித்தியாசத்தை வைத்துச் சரிசெய்பவர்கள் மார்ச்சில் மாட்டிக்கொள்வார்கள்: அமெரிக்கா கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பிரிட்டனுக்கு முன்பே ஒரு மணி முன்னே தள்ளுவதால், லண்டன்–நியூயார்க் இடைவெளி சில வாரங்களுக்கு ஐந்து மணியல்ல, நான்கு.

இடையில் விமானம் மாறும் பயணமென்றால் இந்தத் தளங்களின் மொத்த நேரம் எதற்கும் உதவாது. ஒவ்வொரு கட்டத்தின் தூரத்தையும் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள், காத்திருப்பை டிக்கெட்டில் பாருங்கள்.