பகலில் கம்பி லோடு, ராத்திரியிலும் கம்பி லோடு

தக்கலைப் பக்கம் எனக்கு ஒரு கட்டுமானச் சாமான் கடை. கம்பி, சிமெண்ட், ஜல்லி. பகல் முழுக்க யாராவது வீடு கட்ட லோடு அனுப்புவதுதான் பிழைப்பு. எட்டரைக்கு ஷட்டரை இறக்கி, வீட்டுக்கு வந்து கஞ்சியும் பயறும் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் அங்கேயும் அதே வேலை. விண்வெளியில் ஒரு ஸ்டேஷன் கட்ட ஸ்டீல் ஏற்றிக்கொண்டு போகிறேன். "பகல்லயும் கம்பி, ராத்திரியும் கம்பியா? அங்க எவனாவது பைசா தருவானா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். தருவான் என்றேன். எந்த நாட்டுக் காசு என்று சொல்லவில்லை.

ஆட்டத்தின் பெயர் எலைட் டேஞ்சரஸ். 2014 டிசம்பரில் வந்தது. நம் பால்வீதியையே முழு அளவில், 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு உள்ளே வைத்திருக்கிறார்கள். முதல் பத்து வருஷம் அதில் சரக்கு ஓட்டலாம், சண்டை போடலாம், யாரும் போகாத இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். குடியேறி ஊர் உண்டாக்க மட்டும் வழியில்லாமல் இருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த டிரெயில்பிளேசர்ஸ் அப்டேட்தான் அந்தக் கதவைத் திறந்தது. நான் எழுதுவது அந்தக் குடியேற்றத்தைப் பற்றி மட்டும்.

ஏற்கனவே ஆள் இருக்கிற மண்டலத்துக்குச் சுமார் 15 ஒளியாண்டுக்குள் காலியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டரைக் கோடி கிரெடிட் (ஆட்டத்துக் காசு) கட்டி உரிமை கோர வேண்டும். அங்கே போய் பீக்கன் என்ற அடையாளக் கருவி ஒன்றை நிறுத்தினால் பெரிய கப்பல் ஒன்று வந்து நிற்கும். அதில் ஒரு பட்டியல் இருக்கும். நான்கு வாரத்துக்குள் அத்தனை சாமானையும் கொண்டு இறக்கினால் ஸ்டேஷன் நம்முடையது. கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிஸ்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் டன்னில்தான்.

மிகச் சின்ன ஸ்டேஷனான அவுட்போஸ்ட் ஒன்றுக்கே 20,000 டன் வரை வேண்டும். பாதிக்கு மேல் ஸ்டீலும் டைட்டானியமும். மிச்சம் அலுமினியம், லிக்விட் ஆக்சிஜன், பழம் காய்கறி வரைக்கும் உண்டு. (மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற இல்மனைட்டிலிருந்துதான் டைட்டானியம் எடுப்பது. அந்த மணலில் விளையாடி வளர்ந்தவன், விண்வெளியில் டைட்டானியத்துக்கு நாயாய் அலைந்தேன்.) சிஎம்எம் காம்போசிட் என்று ஒரு சரக்கு உண்டு, அதுதான் ஆளைக் கொன்றது. பெரும்பாலும் கிரகத்தின் தரையில் உள்ள துறைமுகங்களில்தான் கிடைக்கும். தரையிறங்கி ஏறவே நேரம் போய்விடும். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று பார்க்க எல்லோரையும் போல நானும் இனாரா என்ற வெப்சைட்டைத்தான் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன்.

என்னுடைய வண்டி டைப்-9 என்ற பெரிய சரக்குக் கப்பல். நம்ம டாரஸ் லாரியேதான்: திரும்பவே யோசிக்கும், ஆனால் ஷீல்டைக் கழற்றிவிட்டால் 788 டன் தாங்கும். எனக்கு 22 லோடு. மஸ்கட்டில் இருக்கிற மச்சான் அதைவிடச் சின்னதான தன் டைப்-8இல் ஏழு லோடு அடித்தான். அவனுக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுவோம், ஊர்க்கதையும் நடக்கும். பதினாறு ராத்திரியில் பட்டியல் முடிந்தது. வியாழக்கிழமை சர்வர் பராமரிப்பு முடிந்து திறந்தால், கப்பல் நின்ற இடத்தில் என் ஸ்டேஷன். கடையில் ஆள் இருக்கும்போதே போனில் மச்சானிடம் கத்திவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி டைப்-9ஐ எடுத்துக்கொண்டு போய் இறங்க அனுமதி கேட்டேன். இல்லை என்றது. அவுட்போஸ்டில் பெரிய கப்பல் இறங்கும் தளமே கிடையாது. கட்டும்போது நின்ற கப்பலில் இருந்தது, அதில்தான் இத்தனை நாளும் இறக்கினேன். லாரி ஏறாத சந்தில் வீடு கட்டிவிட்டுக் கடைக்கு வந்து சண்டை போடும் ஆட்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! தப்பு என்னுடையது, படித்திருக்க வேண்டும். ஆனாலும் பணம் கட்டும் இடத்திலேயே 'உன் வண்டி இங்கே இறங்காது' என்று ஒரு வரி இருந்தால் என்ன?

என் குறை பாரத்தில் இல்லை. பாரம் என் தொழில். ஆட்டத்தில் எனக்குக் கொடுத்த பட்டம் ஆர்க்கிடெக்ட், வாங்கிய வேலை லோடுமேன். சண்டை விமானம் ஓட்ட ஸ்டேஷனில் சம்பளத்துக்கு ஆள் எடுக்கலாம். சரக்கு ஓட்ட ஓர் ஆளை அமர்த்த முடியாது. வாடகை கொடுக்கிறேன், இரண்டு லாரி எனக்காக ஓடட்டும். பாதி லோடு நான், பாதி அவன். 25,000 டன் தாங்கும் ஃப்ளீட் கேரியர் என்ற ராட்சதக் கப்பல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதி குறையும், ஆனால் அதன் விலை 500 கோடி கிரெடிட்.

இன்னொன்று, கட்டடம் வளர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வீடு கட்டுகிறவன் தினம் சாயங்காலம் சைட்டுக்கு வந்து நிற்பது எதற்கு? பேஸ்மெண்ட் முடிந்தது, லிண்டல் மட்டம் வந்தது, நாளைக்கு ரூஃப் வார்ப்பு என்று பார்க்கத்தான். இங்கே பதினாறு ராத்திரியும் நான் பார்த்தது பட்டியலில் குறையும் எண்ணை மட்டும். ஸ்டீல் இறங்கியதும் ஒரு சட்டம் எழும்பட்டும், அது முடிந்த பிறகு அடுத்த பட்டியலைக் காட்டட்டும். மொத்தம் அதே 20,000 டன்தான், அசதி தெரியாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் வந்த பிறகுதான் ஆட்டம் ருசிக்கிறது. சின்னக் கட்டடங்கள் கட்டினால் புள்ளி சேரும், அதைச் செலவழித்துப் பெரியவை கட்டலாம். ஸ்டேஷன் இருக்கும் அதே கிரகத்தில் கட்டினால் அதன் சந்தையை ஓங்கித் தள்ளும், மண்டலத்தில் வேறெங்கோ கட்டினால் லேசாகத்தான் தொடும். ஆஸ்பத்திரி எங்கே, சந்தை எங்கே என்று பேப்பரில் பென்சிலால் போட்டுப் பார்த்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கடை பில் புக்கின் பின்பக்கம் முழுக்க அந்தப் படம்தான். கணக்குப் பிள்ளை பார்த்துவிட்டு, புது குடோன் போடப் போறீங்களா அண்ணாச்சி என்று கேட்டார்.

ராத்திரி ஒரு மணிநேரம் மட்டும் கிடைக்கிற ஆளுக்குத் தனியாக இது வேண்டாம். பேசிக்கொண்டே ஓட்ட ஒரு மச்சான் இருந்தால் கொள்ளாம். எங்களுக்கு அடுத்தது கொரியோலிஸ், டாரஸ் இறங்கும் இடமுள்ள ஸ்டேஷன். 50,000 டன்னாவது ஆகும். ஓணத்துக்கு மச்சான் லீவில் வருகிறான். வந்ததும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட இப்போதே இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டாயிற்று, வீட்டுக்காரிக்குக் காரணம் இன்னும் சொல்லவில்லை.