ஸ்டார்ட் ஆகி உடனே அணையும் பழைய வண்டியும் ஒரு டின் த்ராட்டில் பாடி க்ளீனரும்

என்னுடையது ஆக்ஸிலரேட்டர் கேபிள் உள்ள பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும், முள் 1,200 ஆர்பிஎம் வரை ஏறும். பிறகு 750 பக்கம் வந்து நிற்க வேண்டியது நிற்காமல் சரிந்து, ஒரு உதறலோடு அணைந்துவிடும். பெடலில் லேசாகக் கால் வைத்திருந்தால் மட்டும் ஓடும். இந்த அறிகுறி இருந்தால் பெட்ரோல் பம்ப், பிளக் என்று செலவு செய்வதற்கு முன்னால் காற்று வரும் வழியைப் பாருங்கள். அதற்காகத்தான் இந்த த்ராட்டில் பாடி க்ளீனர் ஸ்ப்ரேயை வாங்கினேன்.

பெடலிலிருந்து காலை எடுத்ததும், இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவு மாதிரியான த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. ஐடிலிங்குக்கு, அதாவது பெடலை அழுத்தாமலே இன்ஜின் ஓடுவதற்கு, தேவையான காற்று தட்டின் விளிம்பு இடுக்கு வழியாகவும், ஐடில் வால்வு திறந்துவிடும் பக்கவழியாகவும்தான் போகிறது. இன்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து கரியாக இறுகிவிட்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

அந்தக் கரியை இந்த ஸ்ப்ரே நன்றாகவே கரைக்கிறது. எச்சம் விடாமல் காய்ந்தும் போகிறது. ஆனால் குழாயைக் கழற்றாமல் உள்ளே அடித்து இன்ஜினை முறுக்கினால் போதும் என்று டின்னில் போட்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன். கரி கெட்டியாக இருப்பது தட்டின் பின்பக்கம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, துணியில் அடித்து, விளிம்பைச் சுற்றித் துடைத்தேன். மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ். ஐடில் வால்வையும் கழற்றி முனையைத் துடைத்தேன். அதன் ஊசியை விரலால் அழுத்தித் தள்ளாதீர்கள், கெட்டுவிடும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தட்டையும் கையால் வலுக்கட்டாயமாகத் திறக்கக் கூடாது. காற்றை அளக்கும் சென்சார் மேல் இது படவே கூடாது. அதற்குத் தனி க்ளீனர் இருக்கிறது.

துடைத்த பிறகு ஐடிலிங் கொஞ்ச நேரம் கூடுதலாகவே இருந்தது. கரிக்கு ஏற்பப் பழகியிருந்த இன்ஜின் கணினி புது அளவைக் கற்றுக்கொள்கிற நேரம் அது, பயப்பட வேண்டாம். சில வண்டிகளுக்கு இதற்கென்று தனி முறையே உண்டு, மேனுவலைப் பாருங்கள். எனக்கு அணைவது நின்றது, ஆனால் லேசான ஆட்டம் மிச்சமிருந்தது.

இந்த டின் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அங்கேதான். எங்காவது வெடிப்பு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது வேக்கம் ஓஸ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு சேரும் ரப்பர் குழாய்கள்) இணைப்புகள் பக்கம் துளித்துளியாக அடித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் அடித்ததும் ஆர்பிஎம் மாறியது: ஆயில் ஆவி வரும் குழாயின் ரப்பர் முழங்கை, அடிப்பக்கம் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதை மாற்றியதும் முள் அசையாமல் நிற்கிறது. சட்டென்று தீப்பிடிக்கும் திரவம் இது, சூடான சைலன்சர் குழாய் பக்கமோ பிளக் வயர் பக்கமோ கொண்டுபோகாதீர்கள். பயமாக இருந்தால் தண்ணீர் ஸ்ப்ரேயால் இதே சோதனையைச் செய்யலாம்.

குறைகளும் உண்டு. நீளக் குழல் முனையில் சரியாகப் பிடிப்பதில்லை, அழுத்தும்போது கழன்று விழுகிறது. நெடி கடுமை, திறந்த வெளியில், கையுறையோடு செய்யுங்கள். மைலேஜ் கூடும் என்கிறார்கள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குளிர்ந்த இன்ஜினில் மட்டும் அணைந்து, த்ராட்டிலும் சுத்தமாக இருந்தால் கூலன்ட் வெப்ப சென்சாரைச் சோதியுங்கள். இன்ஜின் சூடாக இருப்பதாக அது தவறாகச் சொன்னால் கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும், அதற்கு எந்த ஸ்ப்ரேயும் உதவாது. கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கும் இந்த டின் வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியவை சோக்கும் ஐடில் ஜெட்டும், அதற்குக் கார்புரேட்டர் க்ளீனரே சரி.