ஹெட்போன் மாறினால் என்ன, கேபிள் மாறினால் என்ன: நெடுநாள் கேட்டுப் பார்த்ததில்

சென்ஹைசர் எச்டி 650, அதே நிறுவனத்தின் எச்டி 800 எஸ், ஆடிஸி எல்சிடி-எக்ஸ். இந்த மூன்றையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். பெட்டியோடு வந்த கேபிள்கள் போக, தடித்த செம்புக் கேபிள் ஒன்றும், வெள்ளிப் பூச்சு போட்ட பின்னல் கேபிள் ஒன்றும் கைவசம் உண்டு. இரண்டும் முனையைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் வகை. மூன்று ஹெட்போனுக்கும் சொருகும் முனை வேறு வேறு என்பதால் அந்த வசதி இல்லாமல் ஒப்பிடவே முடியாது.

முதலில் ஹெட்போன்கள். எச்டி 650 பாடகரின் குரலை முன்னால் கொண்டுவந்து வைக்கும், ட்ரெபிள் (உச்ச ஓசை) உறுத்தாது, அடிமட்ட பேஸ் (தாழ்ந்த ஓசை) மட்டும் சீக்கிரமே தேய்ந்துவிடும். எச்டி 800 எஸ் வேறு உலகம். அதன் 56 மில்லிமீட்டர் வளைய டிரைவர் (ஓசையை எழுப்பும் உறுப்பு) காதைவிட்டுத் தள்ளி, சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் இசை தலைக்கு வெளியே விரிகிறது. கச்சேரிப் பதிவில் வயலின் எங்கே, தம்புரா எங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். ஆனால் பதிவு மோசமாக இருந்தால் அதையும் மறைக்காமல் போட்டுக் காட்டிவிடும். எல்சிடி-எக்ஸ் பிளானர் வகை, அதாவது காந்தப்புலத்தில் அதிரும் மெல்லிய தட்டைப் படலம் ஓசை எழுப்பும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் எழும் கும்காரம் இதில்தான் முழுசாகக் கேட்கிறது: அடி விழும் கணம் தனியாக, அதன்பின் தோல் அதிர்ந்து அடங்குவது தனியாக. எடை மட்டும் 600 கிராமுக்கு மேல்; ஒரு முழுக் கச்சேரி கேட்டு எழுந்தால் கழுத்து கணக்குக் கேட்கும்.

இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தைச் சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை. கழற்றி மாட்டிய பத்தாவது நொடியில் தெரியும். கேபிள் விஷயம் அப்படியல்ல.

எல்சிடி-எக்ஸில் தடித்த செம்புக் கேபிளைப் போட்டால் ஓசை ஒரு படி திறந்து, துலக்கமாகக் கேட்பது போலிருந்தது. அதே கேபிளை எச்டி 650-இல் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை. செம்பின் 'குணம்' என்றால் இரண்டிலும் அல்லவா தெரிய வேண்டும்? விடை மின்தடையில் இருக்கிறது. மெல்லிய கம்பி கொண்ட 3 மீட்டர் கேபிளில் போகவரச் சேர்த்து 0.8 ஓம் அளவுக்கு மின்தடை வரும். எச்டி 650-இன் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம். அதில் இந்த 0.8 ஓம் தின்பது 0.02 டெசிபல் (சத்த அளவின் அலகு). காதுக்கு அது ஒன்றுமே இல்லை. எல்சிடி-எக்ஸோ 20 ஓம்தான். அங்கே அதே கேபிள் 0.3 டெசிபலுக்கு மேல் தின்றுவிடுகிறது. தடித்த கேபிளின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால் இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே. இடையில் இருப்பது கால் டெசிபல் சத்தம். பிளானரின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பேஸ், குரல், ட்ரெபிள் எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் ஏறுகிறது. அவ்வளவு சின்ன ஏற்றத்தைக் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று எடுத்துக்கொள்வதில்லை. 'தெளிவு கூடியிருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே சத்த அளவைச் சமப்படுத்தாமல் செய்யும் எந்தக் கேபிள் ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. சமப்படுத்துவது பெரிய வித்தையுமல்ல. 100 ஹெர்ட்ஸ் ஓசையை ஓட விட்டு (சாதாரண மல்டிமீட்டர்கள் உயர் அலைவரிசையில் தப்புக் கணக்குக் காட்டும்), எல்சிடி-எக்ஸுக்குள் போகும் மினி எக்ஸ்எல்ஆர் என்ற சிறு உருளைப் பிளக்கின் பின்மூடியைக் கழற்றினால் சாலிடர் வைத்த இடம் தெரியும். மீட்டர் முனைகளை அங்கே வைத்து அளக்கலாம். ஹெட்போன் சொருகியிருக்கும்போதே அளக்க வேண்டும். சும்மா தொங்கும் கேபிளில் மின்னோட்டமே இல்லை. எல்லாக் கேபிளும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இப்படி அளந்து, வால்யூமைத் திருத்தி 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்து, எது எதுவென்று சொல்லாமல் வேறொருவரை மாற்றித் தரச் சொன்னால் செம்பா வெள்ளியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. 16 முறை கேட்டால் 12 முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்பது இத்தகைய சோதனைகளில் வழக்கமான அளவுகோல். வெறும் ஊகத்தில் அதை எட்டுவது நூற்றுக்கு நான்கு முறைதான். அதன் பக்கத்தில்கூட நான் வரவில்லை.

வெள்ளி என்றால் ட்ரெபிள் பளபளக்கும் என்பது இந்த வட்டாரத்தில் வேதவாக்கு. மின்கடத்தலில் வெள்ளி செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம் மேல்; அவ்வளவுதான். அந்த 6 சதவீதமும் ட்ரெபிளுக்கு மட்டும் தனிச்சலுகை தருவதில்லை. நிறத்தைப் பார்த்துக் காது முடிவு செய்கிறது என்பதே என் கட்சி.

கேபிள் உண்மையிலேயே ஓசையை மாற்றும் இடமும் உண்டு. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனும் குட்டி டிரைவர்கள் பல அடங்கிய, காதுக்குள் சொருகும் இன்-இயர்களில் இம்பீடன்ஸ் ஒரு அலைவரிசையில் 5 ஓமுக்கு இறங்கி இன்னொன்றில் 40 ஓமுக்கு ஏறும் மாடல்கள் இருக்கின்றன. அங்கே 0.8 ஓம் கேபிள் ஒரு பக்கம் 1.3 டெசிபல் குறைக்கும், மறுபக்கம் 0.2 கூடக் குறைக்காது. ஓசையின் சமநிலையே அசைந்துவிடும். கேபிளுக்குச் செலவு செய்ய நியாயமான காரணம் என்றால் இதுதான்.

ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸும் (ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் தடை) இதே கணக்குதான், ஆனால் பல மடங்கு பெரிது. எச்டி 650-இன் இம்பீடன்ஸ் பேஸ் பகுதியில் ஏறக்குறைய 500 ஓம் வரை எகிறும். அதை 120 ஓம் வெளியீடு உள்ள ஆம்ப்பில் சொருகினால் அந்தப் பகுதி மற்றவற்றைவிட 1 டெசிபலுக்கு மேல் தூக்கிக் கேட்கும். பேஸ் கொழுத்து, கொஞ்சம் சோம்பலாக வரும்; சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். பேலன்ஸ்டு இணைப்பைப் (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி கம்பி ஜோடி போகும் வகை) பற்றிச் சொல்வதானால், பெரும்பாலான ஆம்ப்களில் அந்தத் துளை இரட்டிப்பு வோல்டேஜ் தருகிறது, அதாவது 6 டெசிபல் கூடுதல் சத்தம். வால்யூமைத் தொடாமல் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பிரமிப்பவர்களுக்கு இது போதும்.

நெடுநாள் புழக்கத்தில் ஓசையைக் கண்கூடாக மாற்றியது இயர்பேட். எச்டி 650-இன் வெல்வெட் பேட் நாளாக ஆக அமுங்கிச் சப்பையாகிறது. காது டிரைவருக்குமுன் உள்ள நுரையைத் தொட ஆரம்பிக்கிறது; குரல் முன்னைவிடக் கிட்டே வந்து குத்துகிறது. புதுப் பேட் மாட்டியதும் பழைய விலகல் திரும்பிவிட்டது. இதற்கு மீட்டரும் வேண்டாம், கண்ணைக் கட்டவும் வேண்டாம்.

கேபிளைக் கேபிளாகப் பார்த்தால் குறைநிறைகள் நிறையவே இருக்கின்றன. பின்னல் கேபிள் சட்டையில் உரசினால் சரசரவென்று காதுக்குள் ஏறுகிறது. மெல்லிய இசையில் தொல்லை. ஒருமுறை சுருண்டால் அந்தச் சுருளை மறப்பதேயில்லை. எச்டி 800 எஸ்ஸோடு வரும் துணி போர்த்திய கேபிள் உறுதி, ஆனால் விறைப்பு. எச்டி 650-இன் பழைய கேபிள் பார்க்க நோஞ்சான். தோளில் கிடப்பதே தெரியாது. தடித்த செம்புக் கேபிள் வளைவதில் சொன்னபடி கேட்கிறது, நீளமும் மேசைக்குக் கணக்காக இருக்கிறது. அதனால் எல்சிடி-எக்ஸில் அதையே நிரந்தரமாக விட்டுவிட்டேன். வெள்ளிப் பூச்சுக் கேபிள் டிராயரில் உதிரியாகக் கிடக்கிறது. எச்டி 800 எஸ்ஸின் பேட் இன்னும் தாங்குகிறது. அடுத்த செலவு அதற்குத்தான்.